'இகிரு': நாயகன் இறந்த பிறகு ஏன் பார்க்க வேண்டும்?

வணக்கம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952) படத்தில், நகராட்சி அதிகாரியான நாயகன் வாத்தனாபே இறந்த செய்தி வந்ததும், இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மீதமிருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தொடருங்கள், 143 நிமிடப் படத்தின் உயிர் அந்தத் துக்க வீட்டில்தான் இருக்கிறது.

வயிற்றுப் புற்றுநோயோடு அவர் அலைந்து திரிந்து அமைத்த பூங்காவின் பெருமையைத் துணை மேயர் பறித்துக்கொள்ள, அலுவலர்கள் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும் வேளையில், அப்பகுதிப் பெண்கள் உள்ளே வந்து, அவருடைய படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றிவைத்து அழுகிறார்கள். ஒரு வாதமும் இல்லை. ஆனால் அறை முழுவதும் தலைகுனிந்துவிடுகிறது. அதன் பிறகு, மது உள்ளே செல்லச் செல்ல, சக ஊழியர்களின் நினைவுகள் துண்டு துண்டாக வெளிவருகின்றன. அதிகாரிகளின் முன் வளைந்து நிற்கும் வாத்தனாபேயாக நடித்த தகாஷி ஷிமுராவின் முதுகை அப்போதுதான் நாம் உண்மையில் பார்க்கிறோம். இதையெல்லாம் வரிசைப்படி காட்டியிருந்தால், ஒரு நல்லவரின் வெற்றிக் கதையாக மட்டுமே முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

பூங்காவில் கிடைத்த வாத்தனாபேயின் தொப்பியை ஒரு காவலர் கொண்டுவந்து தரும் இடம் வரையிலாவது பாருங்கள். அதற்குப் பிறகு உங்களால் நிறுத்த முடியாது.