மூடுபனி ஏன் மறைகிறது?

கேள்வி: ஐயா, 120 பிலிமில் எடுத்த தேயிலை மலைப் படங்களை இருட்டறையில் பிரின்ட் போட்டு, படத்தைப் பழுப்பாக்கும் செபியா டோனிங் செய்கிறேன். மூடுபனி இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. மருந்து கெட்டுவிட்டதா? 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் படங்களின் பழுப்பு எனக்கு வேண்டும்.
- வாசகர், ஹட்டன்

பதில்: மருந்தைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. பெரும்பாலும் பிரின்டில் ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் மருந்து, மிச்சம் இருக்கும். டோனருக்கு முன் படத்தை வெளிறச் செய்யும் பிளீச்சிலுள்ள பொட்டாசியம் ஃபெரிசயனைட் அதோடு சேர்ந்தால், படத்தை உருவாக்கும் வெள்ளியையே கரைத்துவிடும். முதலில் போவது மெல்லிய சாம்பல் நிறங்கள்தான். நம் மலைப் படத்தின் உயிரே அவற்றில்தானே இருக்கிறது! நம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் ஹைப்போ மெதுவாகத்தான் வெளியேறும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளென்றால் வெந்நீர் கலந்து 20 பாகைக்குக் கொண்டுவந்து, மாற்றி மாற்றி ஒரு மணி நேரமாவது கழுவுங்கள்.

அப்புறம், பிரின்டைச் சற்றுக் கறுப்பாகவே போடுங்கள். டோனிங்கில் கொஞ்சம் வெளிறும். பிளீச்சில் நிறையத் தண்ணீர் கலந்து, தட்டை ஆட்டியபடி பாருங்கள். முதலில் பனி வெளிர் மஞ்சளாகும், பிறகு செடிகள், கடைசியில்தான் மரத்தடி நிழல். நிழல் கலையுமுன் எடுத்துக் கழுவி, பழுப்பாக்கும் டோனரில் போட்டால், பனி பழுப்பாகவும் நிழல் கறுப்பாகவும் நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சோடியம் சல்பைட் (sulphide) டோனர் அழுகிய முட்டை போல் நாறும், அந்த வாயு நச்சு. புதுத் தாளையும் பாழாக்கும். கையுறை போட்டு, வெளித் திண்ணையில் செய்யுங்கள். அமிலம் எதுவும் அதில் படக்கூடாது.

கமரன் அம்மையார் விஷயம் வேறு. 1879இல் காலமாகி, உங்களுக்குப் பக்கத்திலேயே பொகவந்தலாவையில் அடக்கமான அவர், முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாளில் பிரின்ட் போட்டார். அந்தத் தாளில் படம் இயல்பாகவே பழுப்பாக விழும்.