ஸ்கிப்பின் மீது விழுந்த அறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜே ரஸ்ஸல் இயக்கிய ‘மை டாக் ஸ்கிப்’ படத்தைப் பரிந்துரைத்திருந்தீர்கள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத என் ஒன்பது வயது மகளுக்குக் காட்டலாமே என்று முதலில் நான் பார்த்தேன். இறுதியில் நாய் இறந்துவிடுகிறது. அதை அவள் தாங்குவாளா என்று தயக்கமாக இருக்கிறது. நாய்க்குட்டியை வேண்டாமென்று தடுக்கும் தந்தையின் கல்நெஞ்சமும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். நாய்க்குட்டி ஸ்கிப் வந்துசேரும்போது, படத்தின் நாயகனான சிறுவன் வில்லிக்கும் உங்கள் மகளின் வயதுதான்.

அந்தத் தந்தையை என்னால் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியவில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்து, 1942இல் மிசிசிப்பியின் யாசூ சிட்டியில் வாழும் அவர், மகன் நாயின் மேல் உயிரையே வைத்துவிட்டுப் பின்னால் உடைந்துபோவான் என்று அஞ்சித்தான், பிறந்தநாள் பரிசாக வந்த குட்டியைப் பறித்துக்கொள்கிறார். அவரை மீறித் தாய் அதைத் திரும்பக் கொடுக்கிறார். இன்று உங்களுக்கு எழுந்திருக்கும் தயக்கமும் அந்தத் தந்தையின் அச்சமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கிப் வந்ததும் வில்லியின் கூச்சம் மாயமாக மறைந்துவிடுவதில்லை. பிறர் பார்வை முதலில் நாயின் மேல் விழுகிறது. அந்த நிழலில் நின்று அவன் மெல்லப் பேசப் பழகுகிறான். ரிவர்ஸ் என்ற சிறுமியுடனான நட்பும் அப்படியே.

எனக்குப் படத்தின் மிகக் கனமான இடம் பேஸ்பால் ஆட்டம். ஆட்டம் கைகூடாமல் எல்லோர் முன்னிலையிலும் கூனிக்குறுகி நிற்கும் வில்லி, மைதானத்துக்குள் ஓடிவந்து வெளியேற மறுக்கும் ஸ்கிப்பை அறைந்துவிடுகிறான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் எப்போதும் சாதுவானவர்கள் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் வெளியே சொல்லாமல் விழுங்கிய அவமானத்தையெல்லாம், திருப்பி அடிக்காது என்று தெரிந்த ஓர் உயிரின் மேல் அவர்கள் இறக்கிவிடுவதும் உண்டு. நாய் ஓடிப்போகிறது. தேடி அலைந்தபின் அது கிடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் கள்ளச்சாராயம் பதுக்குபவன் மண்வெட்டியால் அடித்துச் சாய்த்த நிலையில். தான் அறைந்ததால்தான் இவ்வளவும் நேர்ந்தது என்ற எண்ணத்தோடு அந்தச் சிறுவன் படும் பாடு, முடிவில் வரும் மரணத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது. உங்கள் மகள் ஏதேனும் கேட்பதாக இருந்தால் அங்குதான் கேட்பாள். படத்தை நிறுத்திவிட்டு அவளோடு பேசுங்கள்.

வில்லி மாரிஸ் தம் பிள்ளைப்பருவத்தைப் பற்றி 1995இல் வெளியிட்ட நினைவுநூலே படத்துக்கு மூலம். வில்லி வளர்ந்து, படிப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு சென்றபின், முதுமையில்தான் ஸ்கிப் இறக்கிறது. அதை மகளிடம் மறைத்து உட்காரவைக்க வேண்டாம். படம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.