ராணுவத்தில் இருந்த பள்ளித் தோழரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதுவது எப்படி? போர் நினைவகத்தில் அவர் பெயர் இருக்குமா?

நீங்கள் சொன்ன விவரம்: தில்லித் தமிழ்ப் பள்ளியில் உடன் படித்தவர், 1984-ல் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், சென்ற மாதம் வீட்டில் காலமானார். பழைய மாணவர் கூட்டத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும்.

பெயர் இருக்காது. இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், தியாகச் சக்கர மதில்களில் பொறித்திருப்பது போரிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்களின் பெயர்களை. ஓய்வுக்குப் பின் இறந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். அதே காரணத்துக்காக 'வீரமரணம்' என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள்.

விவரத்துக்கு, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைத்தான் முதலில் வீட்டில் கேட்க வேண்டும். படை எண், சேர்ந்த நாள், விடுவித்த நாள், ட்ரேடு (படையில் செய்த வேலைப் பிரிவு), பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். பென்ஷன் ஆணையில் ரேங்க்கும் சேவைக் காலமும் கிடைக்கும். எங்கெங்கே இருந்தார் என்பது கிடைக்காது. புத்தகம் தொலைந்திருந்தால் அவர் மனைவியே அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு (பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கு பெங்களூரில். நண்பர்கள் தகவல் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனு போட்டால் அடுத்தவரின் சொந்த விவரம் என்று மறுக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் என்னைக் கேட்டால், பதக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும். தொலைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கிக் கோத்த பதக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. ரிப்பன் மேலே இருக்கும் சிறு பட்டைக்கு கிளாஸ்ப் என்று பெயர், இடத்தைச் சொல்வது அதுதான். சைன்ய சேவா பதக்கத்தில் 'ஹிமாலயா', 'ஜம்மு காஷ்மீர்' என்று வரும். உயர்மலைப் பதக்கம் 9,000 அடிக்கு மேல் பணி செய்ததற்கு. சியாச்சினுக்குத் தனிப் பதக்கம் உண்டு. 9 ஆண்டு, 20 ஆண்டுப் பதக்கங்கள் சேவைக் காலத்துக்கு. சுதந்திரப் பொன்விழாப் பதக்கம் இருந்தால், 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தார், அவ்வளவுதான்.

தப்பு நடப்பது 1999 கார்கில் போருக்கான பதக்கங்களில்தான்; அந்தப் போருக்கு ராணுவம் வைத்த பெயர் ஆபரேஷன் விஜய். ஆபரேஷன் விஜய் ஸ்டார் என்பது கார்கில், திராஸ், படாலிக் போன்ற போர்ப்பகுதிகளில் இருந்தவர்களுக்கு. ஆபரேஷன் விஜய் மெடல் அப்போது திரட்டப்பட்ட மற்றப் படையினருக்கு. மெடலை மட்டும் வைத்து 'கார்கிலில் போரிட்டவர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'கார்கில் போர்க்காலத்தில் பணியில் இருந்தார்' என்று எழுதினால் போதும். அதுவே சின்ன விஷயமில்லை.

உங்கள் நண்பர்கள் யாரிடமாவது அவர் போட்ட பழைய இன்லேண்ட் லெட்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முகவரியில் ஊர் இருக்காது, ராணுவ அஞ்சலகத்தின் (ஏ.பி.ஓ.) எண்தான் இருக்கும். '99 ஏ.பி.ஓ.' என்றால் கிழக்கு, வடகிழக்கு, '56 ஏ.பி.ஓ.' என்றால் வடக்கு, மேற்கு. தபால் முத்திரைத் தேதியைச் சேர்த்துப் பார்த்தால் எந்த ஆண்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். யூனிட் குரூப் போட்டோவின் அட்டையில் பெரும்பாலும் பட்டாலியன் பெயரும் ஆண்டும் அச்சடித்திருக்கும். ரெஜிமெண்ட் பெயரோடு நிறுத்தாமல் பட்டாலியன் எண்ணையும் எழுதுங்கள்.

கடைசியாக ரேங்க். ஹவில்தாராக ஓய்வு பெற்ற சிலருக்கு பிறகு கௌரவ நாயிப் சுபேதார் பதவி வழங்கப்படுவதுண்டு. அதையும் வீட்டில் கேட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் கூட்டத்தில் இருக்கும் பழைய ஃபவுஜி (ராணுவக்காரர்) யாராவது எழுந்து திருத்துவார்.