மெயின் ஜெட்டை மாற்றியும் இழுவை வரவில்லையே!

கேள்வி: என்னிடம் இருப்பது 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்போர்ட் ஏடிவி (மண்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), கார்புரேட்டர் வண்டி. சைலன்சரை மாற்றி ஃப்ரீ ஃப்ளோ போட்டேன், ஏர் பாக்ஸ் மூடியையும் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து கிளப்பும்போது திணறுகிறது, த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொன்னார்கள், 148 இருந்த இடத்தில் 165 போட்டேன். திணறல் அப்படியே இருக்கிறது. முழு த்ராட்டிலில் முன்பு இருந்த இழுவையும் போய் கறுப்புப் புகை வருகிறது. அடுத்து 170 போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், 170 பக்கமே போகாதீர்கள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்று ஆகியிருக்கிறது. முதலில் உங்களுக்கு இருந்தது ஒரு கோளாறுதான், அது த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பக்கம். இப்போது மெயினிலும் இன்னொன்றைச் சேர்த்துவிட்டீர்கள். ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது என்றால், 148-லிருந்து 165-க்குப் போனதில் துளையின் பரப்பு கிட்டத்தட்ட கால் பங்கு கூடியிருக்கிறது. சைலன்சரும் மூடியும் மாற்றியதற்கு அவ்வளவு பெட்ரோல் தேவைப்படவில்லை என்று அந்தக் கறுப்புப் புகையே சொல்கிறது.

எந்த ஜெட் வேலை செய்கிறது என்பதை வண்டியின் வேகம் முடிவு செய்வதில்லை, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும், கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் (த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி), அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஆனாலும் கிளப்பும்போது வரும் திணறலை மெயின் ஜெட்டால் தீர்க்க முடியாது.

அதனால் முதலில் ஒரு துண்டு டேப் எடுங்கள். கட்டைவிரல் த்ராட்டிலின் லீவர் மேல் ஒரு கோடு, லீவர் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து கோடு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரே கியரில், ஒவ்வொரு கோட்டிலும் சில விநாடி பிடித்து ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோட்டில் முனகுகிறது, எதில் சுத்தமாக இழுக்கிறது என்று எழுதி வையுங்கள். காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடை இன்ஜினின் வேக்குவமே தூக்கும் சிவி கார்புரேட்டர் என்றால் இந்தக் கோடுகள் அவ்வளவு துல்லியமாக இருக்காது, இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஜெட் மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

திணறும் இடத்திலேயே த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாக இழுங்கள். நன்றாக ஓடினால் அங்கே பெட்ரோல் போதவில்லை, அதாவது லீன். இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், ரிச். காசு செலவில்லாத சோதனை, ஏனோ பலரும் இதைச் செய்வதே இல்லை.

உங்கள் வண்டி கீழே லீனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், விட்டால் வெடிப்பது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் புது சைலன்சர் இணையும் இடத்தில் கேஸ்கட் கசிந்தாலும் அதே வெடிச் சத்தம் வரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரையும் வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் எந்த ஜெட்டும் உதவாது.

அப்புறம் ஸ்க்ரூ. அது இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் லீன். இதைக் குழப்பிக்கொண்டு நாள் முழுக்க எதிர்த் திசையில் திருப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக்கில் முதல் வகைதான். மெதுவாக முட்டும் வரை உள்ளே விட்டு (இறுக்காதீர்கள், முனை கெட்டுவிடும்), அங்கிருந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டே வெளியே எடுங்கள். ஐட்லிங் எங்கே உச்சமாக, சீராக இருக்கிறதோ அதுதான் இடம். பெட்ரோல் ஸ்க்ரூவாக இருந்து மூன்று சுற்றுக்கு மேலும் கேட்டால் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள், ஒரு சுற்றுக்குள் முடிந்தால் ஒரு சைஸ் குறையுங்கள்.

கீழ்ப்பக்கம் சரியான பிறகு நடுப்பகுதி. நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பள்ளம், ஒரே ஒரு மாற்றம்.

மெயினை 148-க்கும் 165-க்கும் நடுவில் 155 பக்கம் வைத்துத் தொடங்கி, முழு த்ராட்டிலில் புகையும் முனகலும் இல்லாமல் இழுக்கும் இடத்தைத் தேடுங்கள். உறுதி செய்ய, திறந்த வெளியில், ஹெல்மெட்டோடு, புது பிளக் போட்டு முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் கில் ஸ்விட்சை அமுக்கிவிட்டு நில்லுங்கள். ஐட்லிங்கில் ஓட்டி வந்து பிளக்கைப் பார்த்தால் அது பைலட்டின் நிறத்தைத்தான் காட்டும். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன், கரி அப்பியிருந்தால் ரிச். இரண்டில் லீனுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், சூடேறிப் பிஸ்டனே போய்விடும். வேறு கம்பெனி ஜெட் வாங்கினால் எண்ணை நம்பாதீர்கள், கெய்ஹினின் 150-உம் மிக்குனியின் 150-உம் ஒன்றல்ல.

கேள்வி: முழு த்ராட்டிலில் பத்து விநாடி பறக்கிறது, பிறகு பெட்ரோல் தீர்ந்தது போல அடங்குகிறது. விட்டுவிட்டுக் கொடுத்தால் மறுபடி இழுக்கிறது. மூன்று மெயின் ஜெட் மாற்றிவிட்டேன்.

பதில்: முதல் பத்து விநாடி நன்றாக இழுக்கிறது என்றால் ஜெட் சரியாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலைக் குடித்து முடித்த பிறகு, மேலே இருந்து வந்து சேருவது போதவில்லை. எனக்கும் இதே கோளாறு வந்து, இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியிலிருந்து வரும் சின்ன காற்றுக் குழாய் ஹேண்டில்பார் அடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. அடங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், புஸ்ஸென்று காற்றை இழுத்தால் காரணம் அதுதான். இல்லையென்றால் டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வலையைப் பாருங்கள், பிறகு ஃப்ளோட் (கிண்ணத்தின் மிதவை) உயரம். கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அவற்றின் தலையை வழித்துவிடும், சரியானதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இதுவும் ஜெட்டிங்கா?

பதில்: இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளட்ச் தட்டுகளைப் பாருங்கள்.

கேள்வி: 2,400 மீட்டர் உயரத்துக்கு வண்டியைக் கொண்டு போகிறேன். ஜெட் மாற்றினால் கீழே இருந்த பவர் வருமா?

பதில்: முழுசாக வராது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்று கணக்கு, அந்த உயரத்தில் கால் பங்கு பவர் காற்றோடு போய்விடும். மெல்லிய காற்றில் பழைய ஜெட் ரிச் ஆகி முனகும், அந்த முனகலைத்தான் ஜெட் மாற்றித் தீர்க்க முடியும். மெயினை ஒன்றிரண்டு சைஸ் குறைத்து, நான் முன்னே சொன்ன சோக் சோதனையைச் செய்யுங்கள். கழற்றிய ஜெட்டைப் பத்திரமாக வைத்து, இறங்கி வந்ததும், ஓட்டுவதற்கு முன்பே திருப்பிப் போட்டுவிடுங்கள். கீழே அடர்ந்த காற்றில் அந்தச் சின்ன ஜெட்டோடு ஒரே ஒரு நீண்ட முழு த்ராட்டில் ஓட்டம் போதும், பிஸ்டன் போய்விடும்.