தண்ணீர் போனால் நைலான், திரும்பி வந்தால்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நைலான் 66 செய்ய இரண்டு மூலப்பொருளும் சரிசமமாக இருக்கணும் என்று டீச்சர் அழுத்திச் சொல்கிறார். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன சார்?
(பிளஸ் டூ மாணவி, ராயபுரம்)

உங்கள் டீச்சர் சொல்வதுதான் குறுக்க பலபடிகளின், அதாவது சிறு மூலக்கூறுகள் நீர் போன்றவற்றை வெளியேற்றி இணைந்து உருவாகும் நீண்ட சங்கிலிகளின், உயிர்நாடி. அந்த இரண்டு மூலப்பொருள்களான அடிபிக் அமிலத்தின் ஒரு முனையும் ஹெக்சாமெத்திலீன் டைஅமீனின் ஒரு முனையும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, அமைடு பிணைப்பு உருவாகிறது. அமிலம் மிஞ்சிவிட்டால் கடைசியில் எல்லாச் சங்கிலிகளின் இரு முனையிலும் அமிலமே நிற்கும். ஜோடி கிடைக்காமல் சங்கிலி வளராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முனைகளில் 95 சதவீதம் இணைந்தால் ஒரு சங்கிலியில் சராசரியாக 20 அலகுகள்தான். 99 சதவீதம் என்றால் 100. 99.5 என்றால் 200. பரீட்சையில் 95 எடுத்தால் கொண்டாடலாம். இங்கே அதை வைத்து உருப்படியாக ஒரு நூல்கூட இழுக்க முடியாது. இந்தக் கணக்குக்கான சமன்பாடு அமெரிக்க வேதியியலாளர் வாலஸ் கரோத்தர்ஸ் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய குழுதான் 1935-இல் டுபாண்ட் ஆய்வகத்தில் நைலான் 66-ஐ உருவாக்கியது.

ஆலைகளில் இதற்கு அழகான ஒரு வழி உண்டு. அமிலத்தையும் அமீனையும் முதலில் உப்பாக்கிவிடுவார்கள். உப்பில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தானாகவே அமைந்துவிடும். அப்புறம் சூடாக்கித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். தண்ணீர் உள்ளேயே தங்கினால் வினை பின்னோக்கித் திரும்பும். அடுத்த கேள்விக்கும் இதுதான் அடிப்படை.

பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் சிப்ஸ் பார்க்கக் காய்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் மழைக்காலத்தில் டிரையரில் போடாமல் ஓட்டினால் பாட்டில் சட்டென்று உடைகிறது. ஏன்?
(மோல்டிங் ஆபரேட்டர், அம்பத்தூர்)

கண்ணுக்குத் தெரியாத ஈரமே போதும். பெட்டும் ஒரு பாலியெஸ்டர்தான். அதன் சங்கிலி முழுக்க எஸ்டர் பிணைப்புகள், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த பிணைப்புகள். 270, 280 டிகிரி சூட்டில் ஒரு நீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை அறுத்தால் சங்கிலி இரண்டாகிவிடும். சங்கிலியின் மூலக்கூறு நிறை சுமார் 20,000 என்று வையுங்கள். 20 கிலோ சிப்ஸில் உள்ள ஒவ்வொரு சங்கிலியையும் ஒருமுறை வெட்ட 18 கிராம் தண்ணீர் போதும்! அதாவது கிலோவுக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். அதனால்தான் 160 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் காயவைக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பாலிதீனுக்கு இந்த ஆபத்து இல்லை, அதன் முதுகெலும்பு வெறும் கார்பன்-கார்பன் பிணைப்புதான்.

அதே பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்குகிறதே, உருகுகிறதா?
(வேளச்சேரி)

இல்லை. உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 75 டிகிரி வாக்கிலேயே அது இளகத் தொடங்கும். ஊதி இழுத்துச் செய்த பாட்டில் என்பதால், இளகியதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது.

பட்டும் நைலானும் ஒரே வகை என்று படித்தேன். அப்படியானால் காஞ்சிப் பட்டை ஏன் சோடா உப்புப் போட்டுத் துவைக்கக்கூடாது?
(தி.நகர்)

படித்தது சரிதான், இரண்டிலும் அமைடு பிணைப்பே. பட்டு இயற்கை செய்த பாலிஅமைடு (அமைடு பிணைப்புகளால் ஆன சங்கிலி), அதாவது புரதம். ஆனால் நைலானில் அமைடுகளுக்கு இடையே நீரை விரும்பாத கார்பன் வரிசை இருக்கிறது. சோடா உப்பு போன்ற காரப் பொருள் எளிதில் உள்ளே போகாது. பட்டில் அந்தக் காப்பு இல்லை. கொதிக்கும் 5 சதவீதக் காஸ்டிக் சோடாவில் பட்டு கரைந்தே போகும், நைலான் தாங்கும். சோடா உப்பு அவ்வளவு கடுமையானது இல்லை என்றாலும் பட்டின் பளபளப்பையும் பலத்தையும் கெடுக்கும்.

பேட்டரி ஆசிட் தெறித்தால் எந்தத் துணி தாங்கும்?
(மெக்கானிக், புதுப்பேட்டை)

பாலியெஸ்டர் ஓரளவு தாங்கும். காட்டன் பொத்தலாகிவிடும். நைலானும் வேண்டாம், அமிலம் அதன் எதிரி. எந்தத் துணியாக இருந்தாலும் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். தோலில் பட்டிருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள், துணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.