அறியாமை யாருக்கு?

அன்புள்ள ஐயா,

கைவல்ய நவநீதம் என்ற அத்வைத நூலின் வகுப்பு ஒன்றுக்குச் சில மாதங்களாகப் போய்வருகிறேன். பிரம்மம் ஒன்றே உண்மை, அது அறிவே வடிவானது என்கிறார்கள். அப்படியென்றால் அறியாமை யாரைப் பிடித்தது? பிரம்மத்தை என்றால், அறிவுக்குள் இருட்டு எப்படி? ஜீவனை, அதாவது தனி உயிரை என்றால், ஜீவனே அறியாமையால் வந்தவன்தானே? கேட்டால் 'சாதனை செய்யுங்கள், புரியும்' என்கிறார்கள். மழுப்பலாகத் தோன்றுகிறது.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படிக்கும் நூலின் பின்பாதிக்குப் பெயரே சந்தேகந்தெளிதற் படலம். ஆகவே தயங்காமல் கேட்கலாம். ராமானுஜர் பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், அத்வைதத்தின் அவித்தை (அறியாமை) கொள்கைமேல் அடுக்கும் ஏழு ஆட்சேபங்களில் முதலாவது உங்கள் கேள்விதான்.

அத்வைதிகள் இதை மழுப்பவில்லை, இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மண்டனமிசிரரும் அவர் வழியில் பாமதி எழுதிய வாசஸ்பதி மிசிரரும் அவித்தையை ஜீவனிடம் வைத்தார்கள். ஜீவனால் அவித்தை, அவித்தையால் ஜீவன் என்று சுற்றுகிறதே என்றால், இரண்டும் அனாதி, தொடக்கமற்றவை, விதையும் முளையும் போல என்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு விதையை ஈன்றது வேறொரு மரம். அதிலிருந்து முளைப்பது இன்னொன்று. இங்கே சுற்றுவதோ அதே ஜீவனும் அதே அவித்தையும்.

சுரேஸ்வரரும், விவரணம் என்ற உரைநூலின் வழிவந்த விவரணக் கட்சியும் துணிச்சலாகப் பிரம்மத்திடமே வைத்தார்கள். சுத்த சைதன்யம், அதாவது தூய அறிவு, அறியாமைக்குப் பகை அல்ல, அதையும் காட்டிக்கொடுக்கும் சாட்சி. பகை, மனத்தின் விருத்தியில், அதாவது மனம் கொள்ளும் எண்ண வடிவில், உதிக்கும் ஞானம் மட்டுமே. தூங்கி எழுந்தவன் 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்கிறான். தெரியாமல் இருந்ததைக் கண்டு நின்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த நினைவு எங்கிருந்து வரும்? அழகான வாதம். ஆனால் ராமானுஜர் விடமாட்டார். 'தெரியவில்லை' என்ற அனுபவம் அறிவு இல்லாததைத்தான் காட்டுகிறது, அந்த இன்மையை ஒரு பொருளாக்குவானேன் என்பது அவர் கட்சி. அந்த இடத்தில் எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

சங்கரர் இவ்வளவு தூரம் போகவே இல்லை. பிரம்மசூத்திர பாஷ்யத்தின் நான்காம் அத்தியாயத் தொடக்கத்தில், 'இந்த அறியாமை யாருக்கு?' என்பவனிடம் 'கேட்கிற உனக்குத்தான்' என்கிறார். 'நான் ஈசுவரனே என்று சுருதி சொல்கிறதே?' 'அப்படி விழித்துவிட்டாயானால் யாருக்கும் அறியாமை இல்லை.' தர்க்கத்தில் ஊறியவருக்கு இது நழுவலாகப் படும். ஆனால் அறியாமை எப்படி முளைத்தது என்று விளக்குவதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லையே. கேட்டவனுக்கு அது எப்படிப் போகும் என்பதோடு அவர் வேலை முடிகிறது. பிரபஞ்சத்துக்குக் காரணம் தேடி அத்வைதத்திடம் வருபவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவித்தையை 'அநிர்வசனீயம்', இன்னதென்று சொல்ல முடியாதது என்று பெயரிட்டு வைத்ததும் அதனால்தான்.

16ஆம் நூற்றாண்டில், ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் இந்தக் கட்சிகளை எல்லாம் சித்தாந்தலேச சங்கிரகத்தில் திரட்டினார். முன்னோர்கள் ஆன்மா ஒன்றே என்று நிலைநாட்டுவதில்தான் முனைந்தார்கள், உலக விவகாரத்தை விளக்குவதில் அக்கறை காட்டவில்லை, அதனால்தான் இத்தனை வழிகள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவர் எந்தக் கட்சிக்கும் தீர்ப்பு எழுதவில்லை.

அடுத்த வகுப்பில் மறுபடியும் 'சாதனை செய்யுங்கள்' என்றால், நீங்கள் பாமதியா விவரணமா என்று கேட்டுப்பாருங்கள்.