திட்டு எப்போது குற்றமாகிறது? கலிஃபோர்னியாவின் வெறுப்புக் குற்றச் சட்டம்: கேள்வி பதில்

ஃப்ரீமான்ட்டிலிருந்து: கடை வாசலில் ஒருவர் "உன் ஊருக்கே ஓடிப் போ" என்று கத்திவிட்டுப் போனார். வெறுப்புக் குற்றமா?

அவ்வளவுதான் நடந்தது என்றால் இல்லை. தண்டனைச் சட்டம் 422.55-இன்படி முதலில் ஒரு குற்றம் வேண்டும்: அடி, மிரட்டல், சொத்துச் சேதம், ஏதாவது ஒன்று. இனம், மதம், தேசிய அடையாளம், பாலினம், பாலீர்ப்பு, மாற்றுத்திறன் ஆகியவற்றில் ஒன்று அதற்குத் தூண்டுதலா என்பது அடுத்த கேள்வி. சீக்கியரை முஸ்லிம் என்று நினைத்து அடித்தாலும் பிரிவு பொருந்தும். அடித்தவர் என்ன நினைத்தார் என்பதுதான் கணக்கு. வெறும் பேச்சை வைத்து 422.6-இல் வழக்குப் போட வேண்டுமானால், குறிப்பிட்ட ஆளையோ குழுவையோ தாக்குவேன் என்று மிரட்டியிருக்க வேண்டும். மிரட்டியதைச் செய்யக்கூடியவராகவும் அவர் தோன்ற வேண்டும்.

சான் ஹோசே: பார்க்கிங் தகராறில் அடித்தார், நடுவே இனத்தைச் சொல்லித் திட்டினார். "பார்க்கிங்தான் காரணம்" என்கிறார் அவர் வக்கீல்.

இந்த வழக்குகள் வழுக்குகிற இடமே இதுதான். வெறுப்பு ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பல காரணங்கள் கலந்திருந்தால் வெறுப்புக்குக் கணிசமான பங்கு இருந்ததை அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். அதனால் புகாரில் "இனவெறியோடு பேசினார்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் முடிவு, சாட்சியம் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல்லை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். "வண்டியை எடு" என்றது முதலிலா, இனத்தைச் சொன்னது முதலிலா, அடி எதற்குப் பின் விழுந்தது என்ற வரிசை முக்கியம். அதே இடத்தில் வண்டி நிறுத்திய மற்றவர்களை அவர் சும்மா விட்டிருந்தால் அதையும் சேருங்கள். பக்கத்துக் கடையின் கேமரா பதிவை அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் வெறுப்பு வாசகம் எழுதியிருந்தால் படம் எடுக்காமல் துடைக்காதீர்கள். பழுது பார்க்கும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடும் வாங்குங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

தண்டனை எவ்வளவு?

422.6 தனிக் குற்றம்: கவுண்டி சிறையில் ஓராண்டு வரை, 5,000 டாலர் வரை அபராதம், 400 மணி நேரம் வரை சமூகப் பணி. 422.7 வேறு மாதிரி. சாதாரணமாகச் சிறு குற்றமாக முடிந்திருப்பதை ஃபெலனியாக (கடுங்குற்றமாக) உயர்த்த வழிவிடுகிறது. அபராதம் 10,000 டாலர் வரை போகும். காயம் ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் காயப்படுத்தும் திறன் அவருக்கு இருந்திருக்க வேண்டும், அல்லது சேதம் 950 டாலரைத் தாண்ட வேண்டும். 422.6-இன்கீழ் பழைய தண்டனை இருந்தாலும் போதும். அந்த மதிப்பீட்டுத் தாள், சேதம் 950 டாலரைத் தாண்டியதைக் காட்டத்தான். ஏற்கெனவே ஃபெலனியான குற்றம் என்றால் 422.75: கூடுதலாக 1, 2 அல்லது 3 ஆண்டுகள், கூட்டாகச் செய்திருந்தால் 2, 3 அல்லது 4.

மனதில் நினைத்ததற்குத் தண்டனையா? கருத்துச் சுதந்திரம் என்னாவது?

1993-இல் 'விஸ்கான்சின் எதிர் மிட்செல்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: தண்டனை செயலுக்கு, தூண்டுதல் அதைக் கடுமையாக்கலாம். 2000-இல் 'அப்ரெண்டி எதிர் நியூ ஜெர்சி' தீர்ப்பு ஒரு கடிவாளம் போட்டது. சட்டம் வைத்த உச்ச வரம்பைத் தாண்டித் தண்டனை ஏற வேண்டுமானால், அதற்கான காரணத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜூரி முன் நிரூபிக்க வேண்டும். நீதிபதி தானாக முடிவு செய்ய முடியாது.

அட்லாண்டா: ஜார்ஜியாவிலும் இதேதானா?

இல்லை. ஜார்ஜியாவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெளிவில்லை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல் ரத்து செய்தது. புதியது 2020-இல்தான் வந்தது. அங்கே அது தனிக் குற்றம் இல்லை. ஃபெலனிக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத கூடுதல் தண்டனை. முன்தேதியிட்டுப் பாயாது. கறுப்பின இளைஞர் அஹ்மாட் ஆர்பரியின் கொலை அந்தச் சட்டத்துக்கு முந்தியது என்பதால், அதில் வெறுப்புக் குற்றத் தீர்ப்பு 2022-இல் மத்திய நீதிமன்றத்தில் வந்தது.

சாதி?

கலிஃபோர்னியாவின் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. சாதியைப் பாகுபாட்டுச் சட்டங்களில் எழுதச் சொன்ன எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் நியூசம் 2023-இல் திருப்பி அனுப்பினார். ஆனால் 'இனம்' என்பதற்கான வரையறைக்குள் வம்சாவளியும் வருகிறது; வாதாட இடமுண்டு.

விசா முடிந்துவிட்டது. போலீஸுக்குப் போகலாமா?

பிரிவு 422.93 உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். மாநிலச் சட்டப்படி உங்கள்மீது குற்றச்சாட்டோ தண்டனையோ இல்லையென்றால், வெறுப்புக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ குடியேற்றக் காரணத்துக்காக மட்டும் போலீஸ் பிடித்து வைக்கவோ மத்திய அதிகாரிகளிடம் ஒப்படைக்கவோ கூடாது. இது கட்டுப்படுத்துவது மாநில, உள்ளூர்ப் போலீஸைத்தான், மத்திய அதிகாரிகளை அல்ல. அதனால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, அவரோடே போங்கள்.